‘கன்சர்ன்ட்’ எங்கே வரும்: ஆபீசருக்கு முன்னாலா, பின்னாலா?

#1 மாடிவீட்டுக்காரர்

வணக்கம். எங்கள் அடுக்குமாடி மடிப்பாக்கத்தில். தெருமுனையில் இன்னொரு விளக்கு வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் மாநகராட்சிக்கு ஒரு கடிதம் தயாராகிறது. புகார் எல்லாம் இல்லை, வேண்டுகோள்தான். ஆங்கிலத்தில் அடித்து, எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கடைசி வரி இது:

“வி ரிக்வெஸ்ட் தி கன்சர்ன்ட் ஆபீசர் டு இன்ஸ்பெக்ட் தி ஸ்பாட்.”

இரண்டாம் மாடி மாமா, ‘தி ஆபீசர் கன்சர்ன்ட்’ என்று மாற்று, இல்லாவிட்டால் அர்த்தமே வேறு என்கிறார். எங்கள் பொருளாளர், “நான் பார்த்த அத்தனை சர்க்குலரிலும் முன்னாலதான் இருக்கு, இவர் என்ன லண்டன்லயா பிறந்தார்” என்கிறார். இப்போது குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. விளக்கைப் பற்றிப் பேச ஆளில்லை.

எது சரி? காரணத்தோடு சொல்லுங்கள். ‘காதுக்கு இதுதான் நல்லா இருக்கு’ வகைப் பதில்கள் குழுவிலேயே தேவைக்கு மேல் கிடைத்துவிட்டன.

#2 இரவு ஷிஃப்ட்

நான் மாமா கட்சி. பத்திரிகை டெஸ்க்கில் வேலை. இந்தச் சொல்லைப் பிடுங்கி இடம் மாற்றி நடுவதே பாதி இரவு வேலை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கவலைப்படுகிற ஆள். பின்னால் வந்தால் அந்த விஷயத்தில் தொடர்புள்ள ஆள். ‘எ கன்சர்ன்ட் மதர்’ என்றால், பிள்ளை இன்னும் டியூஷனிலிருந்து வரவில்லையே என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா. ‘தி மதர் கன்சர்ன்ட்’ என்றால் பள்ளிக்கூடத்தில் நடக்கும் விவகாரம் எந்தப் பையனைப் பற்றியதோ அவனுடைய அம்மா. அவருக்குக் கவலை துளியும் இல்லாமல் இருக்கலாம், சீரியல்கூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மழைக்காலத்தில் இது நிஜமாகவே தலைவலி. ‘கன்சர்ன்ட் அஃபிஷியல்ஸ் விசிட்டட் தி ஏரியா’ என்று காப்பி வரும். அதிகாரிகள் கவலையோடு வந்தார்களா, அல்லது அந்த ஏரியா அவர்கள் பொறுப்பில் இருப்பதால் வந்தார்களா? இரண்டும் வேறு வேறு செய்தி. நிருபரிடம் போன் போட்டுக் கேட்டால் “ரெண்டும்தான் சார்” என்று வைத்துவிடுவார்.

#3 பூந்தமல்லி பஸ்

ப்ரோ, எனக்கு ஒரு நாளைக்கு வருகிற மெயிலில் ‘கன்சர்ன்ட் டீம்’, ‘கன்சர்ன்ட் டிபார்ட்மென்ட்’, ‘கன்சர்ன்ட் பெர்சன்’ இல்லாத மெயில் ஒன்றோ இரண்டோதான். ஒருத்தர்கூட ‘அந்த டீமுக்கு என்ன கவலை?’ என்று திருப்பிக் கேட்டதில்லை. எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் ஒரே அர்த்தம் போய்ச் சேர்கிறதென்றால் அதில் தப்பு எங்கே இருக்கிறது? டெல்லி, மும்பை, பெங்களூரு எல்லாம் இப்படித்தான் எழுதுகிறது. நூறு கோடி பேருக்கு மேல் இருக்கிற நாடு, நமக்கென்று ஒரு ஆங்கிலம் இருக்கக் கூடாதா?

#4 டீச்சரம்மா

ஏன் பின்னால் போகிறது என்பதைச் சொல்கிறேன். காரணம் பிடிபட்டுவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் அடைமொழி பெரும்பாலும் அந்த ஆளின் குணத்தையோ நிலையையோ சொல்லும். பின்னால் நிற்பது பல நேரம் ஒரு முழு வாக்கியத்தின் வால். ‘தி ஆபீசர் கன்சர்ன்ட்’ என்பது ‘தி ஆபீசர் ஹூ இஸ் கன்சர்ன்ட் வித் திஸ் மேட்டர்’ என்ற நீளத்தை நறுக்கியது. நறுக்கிய பிறகும் அது தன் பழைய இடத்திலேயே நிற்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் நறுக்காமல் முன்னால் தள்ளிப் பாருங்கள்: ‘தி கன்சர்ன்ட் வித் ஸ்ட்ரீட் லைட்ஸ் ஆபீசர்’. வாயில் நுழைகிறதா?

தமிழில் இது தாராளமாக நுழையும். ‘தெருவிளக்கு சம்பந்தப்பட்ட அதிகாரி’. நாம் எவ்வளவு நீளமான விவரத்தையும் பெயருக்கு முன்னாலேயே அடுக்குகிறவர்கள். இந்தியும் அப்படித்தான். அதனால்தான் நாடு முழுக்க அலுவலகங்களில் இந்தச் சொல் தானாக முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். படிக்காதவர்கள் செய்த தவறு என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வராது. நம் வாக்கியம் ஓடுகிற திசை அது.

இன்னும் சில சொற்கள் இதே ஜாதி. ‘தி மெம்பர்ஸ் பிரசென்ட்’ என்றால் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள், ‘தி பிரசென்ட் மெம்பர்ஸ்’ என்றால் இப்போதைய உறுப்பினர்கள். சங்க மினிட்ஸ் எழுதுகிறவர்கள் கவனிக்கவும், கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) கணக்கே மாறிவிடும். ‘தி பெர்சன் ரெஸ்பான்சிபிள்’ என்றால் அதைச் செய்தவர் அல்லது அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், ‘எ ரெஸ்பான்சிபிள் பெர்சன்’ என்றால் பொறுப்பான மனிதர். ஜன்னல் கண்ணாடியை உடைத்த பையன் முதல் வகை. இரண்டாம் வகையாக இருந்திருந்தால் கண்ணாடி தப்பித்திருக்கும். ‘தி பீப்பிள் இன்வால்வ்ட்’ என்றால் சம்பந்தப்பட்டவர்கள், ‘அன் இன்வால்வ்ட் ஸ்டோரி’ என்றால் சிக்கல் பிடித்த கதை.

சந்தேகம் வந்தால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘எ வெரி கன்சர்ன்ட் ஆபீசர்’ என்று சொல்ல முடிகிறது, அவர் ரொம்பக் கவலைப்படுகிறார். தொடர்புள்ள என்ற அர்த்தத்தில் ‘வெரி’ ஒட்டவே ஒட்டாது. ஒருவர் அந்த ஃபைலுக்குப் பொறுப்பானவர் அல்லது பொறுப்பில்லாதவர். ரொம்பப் பொறுப்பானவர் என்று ஒரு பதவி கிடையாது.

#5 பாரிமுனை வக்கீல்

டீச்சரம்மா சொன்ன இலக்கணத்தில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பொருளாளருக்கு ஆதரவாக ஒரு சாட்சியை ஆஜர்படுத்தியே ஆக வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பிரிவு 6(1)(அ). விண்ணப்பத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்கிற இடம். ஆங்கில மூலத்தில் ‘ஆஃப் தி கன்சர்ன்ட் பப்ளிக் அத்தாரிட்டி’ என்றுதான் இருக்கிறது. முன்னால்! நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுகிற யாரும் ‘கவலையில் இருக்கும் பொது அமைப்பு’ என்று அதைப் படிப்பதில்லை, எந்த நீதிமன்றமும் அப்படிப் படிக்கப் போவதில்லை. ஆகவே இந்திய ஆங்கிலத்தில் இது ஊன்றிப்போன வழக்கு. தப்பு என்று சிவப்பு மையால் சுழிப்பது கொஞ்சம் அதிகம்.

அடைமொழி பின்னால் வருவது பற்றி இன்னொன்று. நம்மூர் ஹைகோர்ட் பக்கம் வந்தால் போர்டு போர்டாகத் தொங்கும்: ‘நோட்டரி பப்ளிக்’. பப்ளிக் நோட்டரி இல்லை. அட்வகேட் ஜெனரல், அட்டர்னி ஜெனரல், கோர்ட் மார்ஷல் எல்லாம் அதே கதை. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே நீதிமன்ற மொழியாக நெடுங்காலம் பிரெஞ்சுதான் இருந்தது, பிரெஞ்சில் அடைமொழி பெரும்பாலும் பின்னால் வரும். அரசர் போனார், பிரெஞ்சு போனது, சொல் வரிசை மட்டும் எங்கள் கறுப்புக் கோட்டில் ஒட்டிக்கொண்டது. இதனால்தான் ஒன்றுக்கு மேல் இருந்தால் ‘அட்டர்னிஸ் ஜெனரல்’ என்று முதல் சொல்லில் பன்மை போடுகிறோம். ஜூனியர்கள் இதில் வழுக்கி விழுவதைப் பார்ப்பது எங்கள் மதிய நேரப் பொழுதுபோக்கு.

#6 மாடிவீட்டுக்காரர்

வக்கீல் சார், உங்கள் பதிவை அப்படியே குழுவில் போட்டேன். பொருளாளர் மூன்று கைதட்டல் அனுப்பினார். மாமாவின் பதில்: “சட்டம் மீறக் கூடாதது. அதற்காக அதன் ஆங்கிலத்தைக் காப்பியடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.”

ஆக, இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

#7 ஓஎம்ஆர் டாக்ஸ்

நான் சாஃப்ட்வேர் கையேடு எழுதுகிற ஆள். தப்பா சரியா என்பதைவிட, யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்பேன்.

மடிப்பாக்கத்திலிருந்து சென்னைக்குள்ளேயே போகிற கடிதம் என்றால் எந்தப் பக்கம் வைத்தாலும் புரியும். பூந்தமல்லி பஸ் சொன்னது அங்கே சரி. ஆனால் எங்கள் கையேட்டை ஹெல்சிங்கியிலும் ஒசாகாவிலும் படிக்கிறார்கள். புதிதாகச் சேரும் எழுத்தாளர்கள் தவறாமல் எழுதுகிற ஒரு வரி, ‘குளோஸ் தி கன்சர்ன்ட் விண்டோ’. கவலையில் இருக்கும் ஜன்னலை மூடு. வெளிநாட்டு ரிவ்யூவர் அதன் ஓரத்தில் ‘அந்த ஜன்னலுக்கு முதலில் ஆறுதல் சொல்லலாமா?’ என்று கமென்ட் போட்டிருந்தார். சிரித்துவிட்டுத் திருத்தினோம்.

அங்கே நாங்கள் அதைப் பின்னால்கூடத் தள்ளுவதில்லை. ‘தி விண்டோ கன்சர்ன்ட்’ இலக்கணப்படி சரி, ஆனால் வெள்ளைக்காரக் கலெக்டர் வந்து கணினி சொல்லிக் கொடுப்பது போல இருக்கும். எந்த விண்டோ என்று பெயரைச் சொல்லிவிடுகிறோம்: ‘குளோஸ் தி பிரின்ட் விண்டோ’. பெயர் சொல்ல முடியாத இடத்தில் ‘ரெலவன்ட்’ அல்லது ‘அப்ரோப்ரியேட்’. இரண்டும் முன்னாலேயே நிற்கும், எந்த ஊர்க்காரனும் குழம்ப மாட்டான். ஆட்கள் என்றால் ‘தி பெர்சன் இன் சார்ஜ்’.

ஸ்பெல் செக் இதைப் பிடிக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். எழுத்துப்பிழை எதுவும் இல்லை, வாக்கியமும் வாக்கியம்தான். ஜன்னலுக்குக் கவலை வராது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

#8 சுருக்கெழுத்து

பிள்ளைகளே, ஓய்வு பெற்ற ஸ்டெனோ பேசுகிறேன். அண்ணா சாலைப் பக்கம் ஒரு ஆபீசில் டிக்டேஷன் எடுத்தே பென்ஷன் வாங்கினவன். எந்த ஆபீஸ் என்பது இங்கே முக்கியமில்லை.

இந்தச் சொல் ஏன் இவ்வளவு புழங்குகிறது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது இலக்கணத்தில் இல்லை.

டிக்டேஷன் கொடுக்கிறவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரே ஓட்டமாகச் சொல்லிக்கொண்டு வருவார். திடீரென்று ஒரு இடத்தில் நிற்பார். அந்தக் காகிதம் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்கிற இடம் அது. கூரையைப் பார்ப்பார், பேனாவை மூடித் திறப்பார். அப்புறம் “...டு தி செக்ஷன் கன்சர்ன்ட்” என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விடுவார். எந்த செக்ஷன் என்று அவருக்கும் தெரியாது. நான் அடித்துக் கொடுப்பேன், அவர் கையெழுத்துப் போடுவார், பியூன் எடுத்துக்கொண்டு போய் நாலு மேஜையில் காட்டுவார். நாலு பேரும் ‘இது எங்களுது இல்லை’ என்பார்கள். தபால் புத்தகத்தில் அந்தக் காகிதத்தின் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் கட்டம் காலியாகவே இருக்கும்.

கவனியுங்கள், எங்கள் அதிகாரி பின்னால்தான் வைத்தார். சுத்தமான ஆங்கிலம், மாமாவே கைதட்டுவார். காகிதம் என்னவோ நகரவில்லை.

எங்கள் சூப்பரின்டென்டென்ட் ஒருவர் இருந்தார், இந்தச் சொல்லைக் கண்டால் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார். மார்ஜினில் பென்சிலில் ஒரே சொல்: ‘ஹூ?’ அவ்வளவுதான். பேரையோ பதவியையோ எழுதிக் கொண்டுபோனால்தான் கையெழுத்து. அவரைத் திட்டாத ஆள் கிடையாது. அவர் மேஜையிலிருந்து போன காகிதம் மட்டும் வழிதவறினதாக எனக்கு நினைவில்லை.

அதனால் மாடிவீட்டுக்காரரே, முன்னாலா பின்னாலா என்று இரண்டு கட்சி கட்டுவதை விடுங்கள். உங்கள் வரியில் அந்தச் சொல்லே வேண்டாம். யார் வந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் விசாரித்து எழுதுங்கள்.

#9 பூந்தமல்லி பஸ்

அண்ணே, இது நியாயம். நான் அனுப்பின மெயில்களைத் தேடிப் பார்த்தேன். ‘கன்சர்ன்ட் டீம் வில் கெட் பேக் டு யூ’ என்று எழுதின ஒவ்வொரு இடத்திலும் எந்த டீம் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அதற்காகத்தான் அந்தச் சொல்லை வைத்தேன். அதாவது அது வேலையைச் சரியாகத்தான் செய்கிறது :)

இலக்கண விஷயத்தில் மட்டும் என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.

#10 தமிழிலேயே எழுது

எல்லோரும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். மடிப்பாக்கத்துக்காரர் சென்னை மாநகராட்சிக்கு ஏன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. தமிழில் எழுதினால் இந்தத் தகராறே இல்லை. ‘உரிய அலுவலர்’. முடிந்தது.

#11 இரவு ஷிஃப்ட்

‘உரிய அலுவலர்’ என்று போட்டாலும் சுருக்கெழுத்து அண்ணனின் சூப்பரின்டென்டென்ட் மார்ஜினில் ‘யார்?’ என்று எழுதியிருப்பார். மொழி மாறினால் ஆள் கிடைத்துவிடுவாரா?

ஆனால் தமிழில் எழுதலாம் என்பது நல்ல யோசனைதான். இரண்டையும் சேர்த்தே அனுப்பலாமே.

#12 மாடிவீட்டுக்காரர்

எங்கள் சங்கத்தில் கேரளா, ஆந்திராக்காரர்கள் இருக்கிறார்கள், குஜராத்தி குடும்பம் ஒன்றும் உண்டு. எல்லோரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் ஆங்கிலம். தமிழ்ப் படியையும் இணைத்துவிடுகிறோம்.

சுருக்கெழுத்து சார் சொன்னபடி பெயரோ பதவியோ போடலாம் என்றால், யாருக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாநகராட்சி என்றால் ரிப்பன் மாளிகை என்கிற அளவில்தான் எங்கள் அறிவு.

#13 பாரிமுனை வக்கீல்

ரிப்பன் மாளிகை வரை போக வேண்டாம். மாநகராட்சியில் 200 வார்டுகள், அவற்றை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மடிப்பாக்கம் 2011 விரிவாக்கத்தில் உள்ளே வந்தது, 14-வது மண்டலமான பெருங்குடியில் சேரும். உங்கள் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், மண்டலமும் வார்டும் அதிலேயே இருக்கும். தெருவிளக்கு மின் பிரிவின் வேலை. 1913-க்குப் போன் செய்தால் கடிதத்தை எந்தப் பதவிக்கு எழுதுவது என்று கேட்டுக்கொள்ளலாம்.

பெறுநர் பகுதியில் பதவி, மண்டலம், வார்டு. உள்ளே விளக்கு வேண்டிய இடத்துக்கு அடையாளம்: பக்கத்துக் கதவு எண்ணும், அருகில் உள்ள கம்பத்தின் எண்ணும். இவ்வளவும் இருந்தால் கடைசி வரியில் ‘வி ரிக்வெஸ்ட் யூ டு இன்ஸ்பெக்ட் தி ஸ்பாட்’ போதும். ‘யூ’ என்றாலே படிக்கிறவர்தான்.

தகவல் உரிமைச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்கினவன் என்பதால் அதிலிருந்தே இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சட்டத்தில் மனு தப்பான இடத்துக்குப் போனால் அவர்களே 5 நாளைக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). அதனால் அங்கே முகவரியில் கொஞ்சம் அசந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். விளக்குக் கேட்டு எழுதுகிற சாதாரண மனுவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

#14 குறுக்கே ஒரு கேள்வி

இழைக்குள் நுழைந்ததற்கு மன்னிக்கவும். நான் ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறேன். ‘கன்சர்ன்ட்’ வந்தால் அடுத்து அபவுட், வித், ஃபார் எது போடுவது? கோச்சிங்கில் ஒரு நாள் ஒன்று சொல்கிறார்கள், மறுநாள் இன்னொன்று.

#15 டீச்சரம்மா

வாம்மா, இது நல்ல கேள்வி. இங்கே மேலே உள்ளவர்களுக்கும் இது தேவைப்படும்.

‘அபவுட்’ போட்டால் கவலை: ‘ஐ ஆம் கன்சர்ன்ட் அபவுட் தி வாட்டர் லெவல்’. கோடையில் போரூர் ஏரியைப் பார்க்கும்போது சொல்வது. ‘ஃபார்’ போட்டாலும் கவலைதான், ஆனால் ஒருவருடைய நலனுக்காகப் படுகிற கவலை: ‘கன்சர்ன்ட் ஃபார் ஹெர் சேஃப்டி’. ‘வித்’ போட்டால் கவலை போய்விடும். ‘திஸ் சாப்டர் இஸ் கன்சர்ன்ட் வித் டேங்க்ஸ்’ என்றால் இந்த அத்தியாயம் ஏரிகளைப் பற்றியது, அவ்வளவுதான். அத்தியாயத்துக்கு ரத்தக் கொதிப்பு எதுவும் இல்லை. ‘டு’ போட்டு எழுதுகிறவர்கள் நம்மூரில் நிறையப் பேர், ‘கன்சர்ன்ட் டு திஸ் இஷ்யூ’ என்று. தேர்வில் அதை எழுதாதே. நீ தேடுவது ‘ரிலேட்டட் டு’.

எதிர்ச்சொல்லில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ‘அன்கன்சர்ன்ட்’ என்றால் சம்பந்தமில்லாத என்று அர்த்தமில்லை. கண்டுகொள்ளாத, கவலையற்ற என்று அர்த்தம். ‘அன்கன்சர்ன்ட் டிபார்ட்மென்ட்டுக்கு லெட்டர் போய்விட்டது’ என்று ஒருவர் எழுதினால், தப்பான துறைக்குப் போய்விட்டது என்று சொல்ல வந்து அந்தத் துறையைத் திட்டிவிட்டார் என்று பொருள்.

ரைட்டிங் பகுதியில் ‘கன்சர்ன்ட் அத்தாரிட்டீஸ் ஷுட் டேக் ஆக்ஷன்’ என்று முடிக்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. குப்பையா, போக்குவரத்தா, தெருநாயா, எந்தத் தலைப்புக்கும் அதே கடைசி வரி. சொல்லை இடம் மாற்றினாலும் அந்த வரி எதையும் சொல்லவில்லை. ‘சிட்டி கவுன்சில்’, ‘ஸ்கூல்ஸ்’, ‘பஸ் ஆபரேட்டர்ஸ்’ என்று யாராவது ஒருவரைக் குறிப்பிட்டு, அவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

#16 பூந்தமல்லி பஸ்

டீச்சர், அப்போ சௌகார்பேட்டையில் ‘திஸ் இஸ் அவர் சிஸ்டர் கன்சர்ன்’ என்று போர்டு இருக்கிறதே, தங்கச்சிக்கு என்ன கவலை?

#17 டீச்சரம்மா

தங்கச்சிக்கு ஜிஎஸ்டி கவலை. அது பெயர்ச்சொல், நிறுவனம் என்று அர்த்தம். இந்த இழைக்கு வெளியே.

#18 ஓஎம்ஆர் டாக்ஸ்

சொல்லின் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஆபீஸ் சாட்டில் இப்போது ‘தட்ஸ் கன்சர்னிங்’ என்று போடுகிறார்கள், கவலை தருகிறது என்கிற அர்த்தத்தில். பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்கு ‘கன்சர்னிங்’ என்றால் ‘பற்றி’ மட்டும்தான். எனக்கு ஆட்சேபணை இல்லை, அகராதிகளிலும் ஏறிவிட்டது. ஆனால் பெரிய மேனேஜருக்கு எழுதும்போது ‘வரியிங்’ போடுவேன். அவர் பழைய ஆளா புது ஆளா என்று யார் கண்டது.

கல்லூரிச் சான்றிதழ் தலைப்பில் வரும் ‘டு ஹூம்சோஎவர் இட் மே கன்சர்ன்’ கதையும் இதே போலத்தான். வெளிநாட்டில் பொதுவாக ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்பார்கள். அங்கே கன்சர்ன் வினைச்சொல், இது யாரைச் சேர்ந்ததோ அவருக்கு. ‘சோஎவர்’ நாம் சேர்த்த மாலை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறவர்கள் கழற்றிவிட்டு அனுப்பலாம். கழற்றாவிட்டாலும் அட்மிஷன் போகாது.

#19 சுருக்கெழுத்து

டீச்சரம்மா சொன்ன பட்டியலில் எனக்குப் பிடித்த ஒன்று விட்டுப்போயிற்று. ‘ப்ராபர்’. முன்னால் வந்தால் முறையான: ‘எ ப்ராபர் ஆன்சர்’. பின்னால் வந்தால் அந்த ஊரே, ஒட்டினது சேர்ந்தது எதுவும் இல்லாமல்: ‘மெட்ராஸ் ப்ராபர்’. இதில் நம்மூர்க்காரன் தப்பே செய்வதில்லை. கல்யாணப் பேச்சில் “பையன் மதுரை ப்ராபரா, பக்கமா?” என்று இங்கிலீஷ் தெரியாத பெரியவர்கூடச் சரியான இடத்தில் வைத்துக் கேட்பார். ‘ப்ராபர் மதுரை’ என்று ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. கன்சர்ன்டைப் பின்னால் வைப்பது ஏதோ வெள்ளைக்காரன் காதுக்கு மட்டும் ஒத்துவருகிற விஷயம் என்று பொருளாளர் நினைத்தால் இதைக் காட்டுங்கள்.

#20 இரவு ஷிஃப்ட்

அண்ணே, அந்த வரியில் தாம்பரத்துக்காரர்களை இழுக்காமல் விட்டீர்களே. ‘சென்னை ப்ராபரா?’ என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். தாம்பரம் 2021-லிருந்து தனி மாநகராட்சி, ஆவடி 2019-லிருந்து. டெஸ்க்கில் ‘சென்னை ப்ராபர்’ என்று போட்டால் இந்த இரண்டு ஊரையும் வெளியே தள்ளியாக வேண்டும், மறுநாள் போன் வரும்.

#21 மாடிவீட்டுக்காரர்

எல்லோருக்கும் நன்றி. 1913-ல் கேட்டுப் பதவியை வாங்கிக்கொண்டோம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம், கடைசி வரியில் இப்போது ‘யூ’ தான். மாமாவும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மாமா மட்டும் போகிற போக்கில் ‘இருந்திருந்தால் பின்னால்தான்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொருளாளருக்கு ஒரு கடைசிச் சந்தேகம். கன்சர்ன்ட் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் ‘ரெஸ்பெக்டிவ்’ போடலாமா என்கிறார். ‘ப்ளீஸ் கான்டாக்ட் தி ரெஸ்பெக்டிவ் ஆபீசர்’ என்று. அதுவும் அவருக்கு வருகிற சர்க்குலர்களில் இருக்கிறதாம்.

#22 டீச்சரம்மா

போட முடியாது. ‘ரெஸ்பெக்டிவ்’ வர வேண்டுமென்றால் இந்தப் பக்கமும் பலர் இருக்க வேண்டும், அந்தப் பக்கமும் பல இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒன்று என்று ஜோடி சேர்ப்பதுதான் அதன் வேலை. ‘கூட்டம் முடிந்து எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்’ என்கிறோமே, அந்த ‘அவரவர்’. ‘தே வென்ட் டு தெயர் ரெஸ்பெக்டிவ் ஹோம்ஸ்’. ஒரே ஒரு ஆபீசருக்கு முன்னால் அதை வைத்தால் அதற்கு ஜோடி சேர்க்க ஆளே இல்லை.

‘மை ரெஸ்பெக்டிவ் மேனேஜர்’ என்று லீவ் லெட்டரில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். உனக்கு ஒரு மேனேஜர்தான் என்றால் ‘மை மேனேஜர்’ போதும். மரியாதை சேர்க்கிறோம் என்று நினைத்து எழுதுகிறார்கள் போலிருக்கிறது. மரியாதைக்கான சொல் ‘ரெஸ்பெக்டட்’, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு இழை வேண்டும்.